கேட்கும் பொத்தான்

ஆகஸ்ட் 7

வாசிப்புத் திட்ட ஒருங்கிணைப்பாளரும் என் தங்கையின் கணவருமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

நலம் விசாரிப்பைக் கடிதத்தின் இறுதிக்கு ஒத்திவைத்திருக்கிறேன். முதலில் என் குறைகள், தேதிவாரியாக.

1. ஜூன் 16. உங்கள் டேப்லெட்டுகள் எங்கள் பள்ளியில் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கின. அவற்றைச் சார்ஜ் செய்ய ஓர் அறை வேண்டுமென்று நூலக அறையைக் காலி செய்ய வைத்தீர்கள். புத்தகங்கள் இப்போது தாழ்வாரத்தில், துடைப்பங்களுக்கும் வாளிகளுக்கும் பக்கத்தில் இருக்கின்றன. வாசிப்பை வளர்க்க வந்த திட்டம் முதல் வேலையாகப் புத்தகங்களை வெளியேற்றியது. வருகையைத் தெரிவிக்க இதைவிடத் தெளிவான வழி கிடையாது.

2. ஜூன் 23. ஆசிரியர்களுக்குப் பயிற்சி. “இனிமே பசங்க வாசிக்கறத நீங்க உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்க வேண்டாம். செயலியே கேட்டு மார்க் போட்டுடும்” என்றீர்கள். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அன்று என் கைகளுக்கு எந்தக் குறையும் இல்லை.

3. ஜூலை 4. முதல் வகுப்பு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பத்து நான்கு பேர், முப்பத்து நான்கு கருவிகளிடம் ஒரே நேரத்தில் உரக்க வாசித்தார்கள். சந்தையில்கூடக் கூவுகிறவனுக்கு எதிரே வாங்குகிறவன் ஒருவன் நிற்பான். ஒருத்தி வாசித்ததைப் பக்கத்தில் இருந்தவனின் கருவி கேட்டு அவனுக்கு மதிப்பெண் போட்டது. அவன் அப்போது பென்சில் சீவிக்கொண்டிருந்தான்.

4. ஜூலை 15. கடைசி இரண்டு வரிசைகளும் அதிசயமாக ஒழுங்காக இருந்தன. போய்ப் பார்த்தேன். ஒரு டேப்லெட்டில் ‘எனக்கு வாசித்துக் காட்டு’ என்பதை அழுத்தி, இன்னொன்றின் மைக்குக்கு நேரே வைத்திருந்தார்கள். ஒரு கருவி வாசிக்க, மற்றது கேட்டுப் பாராட்டிக்கொண்டிருந்தது. பையன்கள் மேசைக்கடியில் புள்ளி வைத்துக் கட்டம் போட்டு விளையாடினார்கள். “என்னடா இது?” என்றேன். “அதுங்க படிக்குதுங்க சார், நாங்க தொந்தரவு பண்ணல” என்றான் ஒருவன். அந்த வாரம் வகுப்பின் சராசரி உயர்ந்ததாக உங்கள் அலுவலகத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. பத்திரமாக வைத்திருக்கிறேன்.

5. ஜூலை 24. என் வகுப்பில் படிக்கும் உங்கள் மகள் சிட்டுவுக்குத் திக்குவாய் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரே வீட்டில் வசிக்கிறீர்கள். ‘ம’ அவளுக்குக் கடினம். ‘மழை’ என்ற சொல்லின் முன் அவள் நின்றாள். மூன்று விநாடிகளில் உங்கள் செயலி குறுக்கே புகுந்து அந்தச் சொல்லைத் தானே சொல்லி, அதைச் சிவப்பாக்கி, “பரவாயில்லை, மீண்டும் முயற்சி செய்” என்று குதூகலித்தது. ஒரே பக்கத்தில் இது ஓயாமல் நடந்தது. இடைவேளைக்குள் வகுப்பே அவளை ‘மீண்டும் முயற்சி’ என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது.

6. ஆகஸ்ட் 5. நீங்கள் அனுப்பிய பட்டியலில் பிள்ளைகள் விதை, முளை, மரம் என்று மூன்று வகை. சிட்டு, விதை. அவள் போன ஆண்டு நூலகத்தில் நின்றபடியே தடித்த நாவல்களை முடித்தவள். மௌன வாசிப்பு உங்கள் கருவிக்குக் கேட்காது.

நேர்மைக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எழுத்தைப் பெரிதாக்கும் வசதி நல்லது. கனத்த கண்ணாடி போட்ட ஒரு பையன் இந்த ஆண்டுதான் முகத்தைப் பக்கத்தில் ஒட்டாமல் வாசிக்கிறான். படிக்கும் வரியை மட்டும் காட்டி மற்றதை மறைக்கும் பட்டையும் நல்லது. இவற்றைக் கண்டுபிடித்தவர் யாராயினும் அவருக்கு என் வணக்கம். அவர் நீங்கள் இல்லை என்பது ஓர் ஆறுதல்.

நான் கேட்பது ஒன்றுதான். சிட்டுவின் கருவியில் அந்தக் கேட்கும் பொத்தானை அணைக்க எனக்கு அனுமதி வேண்டும். அவள் வாசிப்பதை நான் கேட்டுக்கொள்கிறேன். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள் என்று இதுவரை நினைத்திருந்தேன்.

பதிலைக் காகிதத்தில் அனுப்பவும். கைபேசியில் வரும் கட்டைவிரல் படத்தை நான் பதிலாக ஏற்பதில்லை.

நீங்கள் மூவரும் நலந்தானே?

இப்படிக்கு,
மொழியாசிரியர், ஆறாம் வகுப்பு

•

ஆகஸ்ட் 12

அன்புள்ள மச்சான்,

உங்க லெட்டர் கிடைச்சது. ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன், தப்பா நினைக்காதீங்க, இப்படித் தமிழ் எழுத இன்னிக்கு ஆள் இல்ல. எனக்குப் பேனா பிடிச்சு எழுதற பழக்கம் விட்டுப்போச்சு. போன்ல பேசி, அதுவே டைப் பண்ணி, பிரிண்ட் எடுத்து அனுப்பறேன். பாத்தீங்களா, இதுவும் ஒரு டிஜிட்டல் கருவிதான். உங்களுக்குப் பிடிச்ச காகிதத்துலயே வந்து நிக்குது.

புது விஷயம்னா ஆரம்பத்துல நாலு தப்பு இருக்கத்தான் செய்யும். பசங்க ரெண்டு டேப்லெட்ட எதிரெதிரா வெச்சது எனக்கே சிரிப்பு வந்துடுச்சு. புத்திசாலிப் பசங்க. அத சரி பண்ணச் சொல்லியிருக்கேன்.

சிட்டு விஷயத்துல மட்டும் விதிவிலக்கு குடுக்க முடியாது மச்சான். திட்டத்தைக் கொண்டு வந்தவன் மகளுக்கே பொத்தானை அணைச்சா நாளைக்கு எல்லாரும் என்ன கேப்பாங்க? உங்க வீட்டுப் பிள்ளைக்கே ஒத்து வரலியா, எங்களுக்கு எதுக்குன்னு கேப்பாங்க. திக்குவாய்லாம் பயிற்சியில போயிடும். வீட்டுல தினம் சாயங்காலம் உக்கார வைக்கறேன், அவ அம்மா கூட இருந்து பாத்துப்பா. ரெண்டே வாரம். அப்புறம் பாருங்க.

இன்னொண்ணு. நீங்க இதை ஏதோ மந்திரப் பெட்டி மாதிரி பேசறீங்க. எங்க திட்டத்துல எல்லாமே வெளிப்படை. பிள்ளைங்க வாசிக்கற ஒவ்வொரு பதிவும் சேமிப்புல இருக்கு, செயலியத் திறந்த நொடியில இருந்து. எந்த ஆசிரியரும் எப்ப வேணாலும் போட்டுக் கேக்கலாம். இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் கேட்டதில்ல, அது வேற விஷயம்.

உங்க தங்கச்சி ஞாயித்துக்கிழமை சாப்பிட வரச் சொன்னா. கோவத்தை வாசல்ல செருப்போட விட்டுட்டு வாங்க.

அன்புடன்,
மாப்பிள்ளை

•

செப்டம்பர் 2

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வராததற்கு மன்னிக்கவும். செருப்பைக் கழற்றுவது எளிது. கோபம் அப்படிக் கழன்று வருவதில்லை.

நீங்கள் கேட்ட இரண்டு வாரம் முடிந்தது. சிட்டு மரமாகிவிட்டாள். புதிய பட்டியலில் முதற்பெயர் அவளுடையது. ‘ஆண்டின் சிறந்த வாசகி’ என்றும், செப்டம்பர் 20 அன்று உங்கள் திட்டத்தின் ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி ஒரு பக்கம் வாசித்துப் பதக்கம் பெறுவாள் என்றும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. தலைமையாசிரியர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதே நாள் காலை அவளை வகுப்பில் வாசிக்கச் சொல்லியிருந்தேன். ‘மலை’யைத் தாண்ட அவளுக்கு எப்போதும் ஆகும் நேரம்தான் ஆயிற்று. மேலே படிக்காமல் உட்கார்ந்துவிட்டாள். பட்டியலை அவளிடம் காட்டினேன். மகிழ்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் பென்சில் பெட்டியைத் திறந்து மூடினாள், திறந்து மூடினாள்.

எனவே நீங்கள் பெருமையோடு அளித்த வெளிப்படைத்தன்மையைப் பயன்படுத்திக்கொண்டேன். ஆசிரியர் அறையில் உட்கார்ந்து அவளுடைய வீட்டுப் பதிவுகளைக் கேட்டேன்.

முதல் மூன்று பதிவுகளில் இருப்பவள் சிட்டு. செயலி அவளை வெட்டுகிறது, அவள் நிற்கிறாள், செயலி குதூகலிக்கிறது. நான்காவது முதல் வேறொரு குரல். கீச்சென்ற குரல், ஒரு சொல்லும் தடுக்கவில்லை. ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் அந்தக் குரல் மெல்ல ஒரு ‘ம்’ போட்டுவிட்டு அடுத்ததற்குப் போகிறது. அந்த ‘ம்’ என் தங்கையுடையது. அவளோடு ஒரே மேசையில் படித்து வளர்ந்தவன் நான். தேர்வுக் காலங்களில் அந்த ‘ம்’மைச் சகிக்க முடியாமல் அடுத்த அறைக்கு எழுந்து போயிருக்கிறேன்.

சந்தேகத்தின் பலனை உங்களுக்குத் தர விரும்பினேன். ஏழாவது பதிவு அதற்கு இடம் தரவில்லை. பதிவு செயலியைத் திறந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது என்று எனக்குச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான். வாசிப்பு தொடங்கும் முன் பேசியவரும் நீங்களே. காதில் விழுந்ததை அப்படியே எழுதுகிறேன்.

“இன்னும் கொஞ்சம் சின்னப்பிள்ள மாதிரி வாசி. போன தடவ அம்மா குரலு நல்லாவே தெரிஞ்சுது.”

“இதுக்கு மேல கீச்சினா தொண்டை கட்டிக்கும்ங்க. வேணாமே இது.”

“ஒரு வாரம்தான். எங்க மேடம் பட்டியல் கேட்டிருக்காங்க. என் பொண்ணு விதையில கிடந்தா என் மூஞ்சிய எங்க கொண்டு வைக்கறது?”

“அப்பா, நா… நான் ஒரு தடவ வா… வாசிக்கட்டுமா?”

“நீ சும்மா இரு. நேரம் ஓடுது.”

அதன் பிறகு உங்கள் வீட்டு அழைப்பு மணி அடிக்கிறது. குயில் கூவும் அந்த மணியை நீங்கள் குடிபுகுந்தபோது வாங்கித் தந்தவன் நான். அதன் பிறகு என் தங்கை கீச்சுக்குரலில் பறவைகள் கடல் கடப்பதைப் பற்றி வாசிக்கிறாள். நூற்றுக்கு நூறு.

எனக்கு இதில் வியப்பு, நீங்கள் ஏமாற்றியதில் இல்லை. பதிவு இருப்பது தெரிந்தும் கவலைப்படாமல் ஏமாற்றினீர்கள். எந்த ஆசிரியரும் எந்தப் பிள்ளையையும் இனிக் கேட்கப்போவதில்லை என்பதில் உங்களுக்கு அத்தனை உறுதி. உங்கள் திட்டத்தை உங்களைவிட மனதார நம்பியவர் யாருமில்லை. கடைசி வரிசைப் பையன்கள் இரண்டு கருவிகளை எதிரெதிரே வைத்தார்கள். நீங்கள் ஒரு பக்கத்தில் கருவியையும் மறுபக்கத்தில் மனைவியையும் வைத்தீர்கள். அந்தப் பையன்களாவது யாரையும் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

பட்டியலிலிருந்து அவள் பெயரை எடுத்துவிடுங்கள். மேடையில் ஐந்நூறு பேர் முன்னால் ‘ம’ வரும்போது அவளை என்ன செய்யச் சொல்லப்போகிறீர்கள்?

இப்படிக்கு,
மொழியாசிரியர்,
உங்கள் மனைவியின் அண்ணன்

•

செப்டம்பர் 5

மச்சான்,

வீட்டு விஷயத்தைப் பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டு வராதீங்க. உங்க கால்ல விழுந்து கேக்கறேன்னு வெச்சுக்கங்க.

நான் கெட்டவன் இல்ல. அந்த முதல் பட்டியல் வந்த அன்னிக்கு ஆபீஸ்ல ஒருத்தன், “என்ன சார், உங்க வீட்டு விதை முளைக்கலியா?”ன்னு கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். உங்களுக்கு அது புரியாது. நீங்க சாக்பீஸ் பிடிச்ச நாள்ல இருந்து உங்களைப் பாத்து யாரும் சிரிச்சதில்ல, பயந்துதான் இருக்காங்க.

இப்ப பேரை எடுத்தா ஏன்னு கேப்பாங்க. ஏன்னு கேட்டா பதிவைப் போட்டுப் பாப்பாங்க. இந்தத் திட்டம் இன்னும் நாப்பது பள்ளிக்குப் போகுமா இல்லையான்னு அந்தக் கூட்டத்துல முடிவாகுது. நல்ல திட்டம் மச்சான். கண்ணு சரியில்லாத அந்தப் பையனை நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு பொண்ணோட ஒரு பக்கத்துக்காக அத்தனை பிள்ளைங்களுக்கும் கிடைக்கறத நிறுத்தணுமா?

மேடைக்கு வழி பண்ணிட்டேன். சிட்டு வாசிக்கவே வேண்டாம். அவ பதிவை ஸ்பீக்கர்ல போடுவோம், அவ புத்தகத்தைப் பிடிச்சுக்கிட்டு வாயை மட்டும் அசைச்சாப் போதும். வீட்டுல ரெண்டு தடவ செஞ்சு பாத்தோம், நல்லா வருது. அவ அம்மா அழறா, அது சும்மா. பதக்கம் கழுத்துல விழுந்தா எல்லாம் சரியாயிடும்.

நீங்க மட்டும் பேசாம இருங்க. ஒரு தடவ.

மாப்பிள்ளை

•

செப்டம்பர் 16

ஐயா,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. எழுதியிருந்தால் என் தமிழ் கெட்டிருக்கும்.

நடந்தவற்றைத் தெரிவிக்கிறேன். செப்டம்பர் 8 அன்று, உங்கள் அனுமதியின்றி, சிட்டுவின் டேப்லெட்டில் கேட்கும் பொத்தானை அணைத்தேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். வரியை மட்டும் காட்டும் பட்டையைப் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வரியில் என்ன ‘ம’ காத்திருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்துப் பயப்பட அது விடுவதில்லை. பிறகு அவளை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னேன். “பரவாயில்லை, மீண்டும்…” என்று ஒருவன் ஆரம்பித்தான். அவனைப் பார்த்தேன். என்னைக் கண்டு பயப்படுவார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது அன்று பயன்பட்டது.

அவள் வாசித்தாள். வகுப்பு உருகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். ஒருத்தி நகத்துக்கு மையால் வண்ணம் பூசினாள். புள்ளி வைத்துக் கட்டம் போடும் கூட்டம் தன் வேலையைத் தொடர்ந்தது. ஒரு கட்டத்தில் கண்ணாடிப் பையன் கேட்டான்: “முடிஞ்சுதா?”

“இ… இல்ல. இன்னும் ரெண்டு வரி இருக்கு” என்றாள் அவள்.

“சரி, முடி” என்று கன்னத்தைக் கையில் சாய்த்துக்கொண்டான்.

முடித்தாள். ஒரு பக்கம். பாடவேளை முழுதும் அதற்கே போயிற்று. பாராட்டு ஒலி எதுவும் வரவில்லை. உட்கார்ந்து, அடுத்த பக்கத்தைத் தானே திருப்பிப் பார்த்தாள். ஓர் ஆசிரியன் எதிர்பார்க்கக்கூடியது அவ்வளவே. உங்கள் திட்டத்தில் அதை அளக்கும் பொத்தான் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

மறுநாளும் வாசித்தாள். அதற்கு மறுநாள் அவளே எழுந்து நின்றாள். வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பின் என் மேசைக்கு வந்தாள். என்னை ‘மாமா’ என்று அழைக்கவே அவளுக்குச் சிறிது நேரமாகும். நான் ஒருநாளும் அவசரப்படுத்தியதில்லை.

“மா… மாமா. மேடையில அ… அம்மா குரல்தான் வருமா?”

“உனக்கு எப்படி வேணும்?”

“எனக்கு மே… மேடையே வேண்டாம். ஆனா வேண்டாம்னா அப்பா தி… திட்ட மாட்டாரு. பேசாம இருப்பாரு. அதுதான்.”

இதை நான் இட்டுக்கட்டவில்லை. அந்தத் திறமை உங்கள் வீட்டில்தான் இருக்கிறது.

சனிக்கிழமை என் தங்கை ஒரு பெட்டியோடும் மகளோடும் என் வீட்டுக்கு வந்தாள். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. தண்ணீர் கேட்டாள், தொண்டை கட்டியிருந்தது. பிறகு, “அண்ணா, இனிமே நான் என் குரல்லதான் பேசப்போறேன்” என்றாள். இருவரும் என் வீட்டில் இருக்கிறார்கள் என்பதை நீங்கள் இதற்குள் தெரிந்துகொண்டிருப்பீர்கள். இந்த மூன்று நாட்களில் தங்கையின் கைபேசிக்கு உங்களிடமிருந்து வந்தவை: கைகூப்பும் படம் ஒன்று, “கூட்டம் முடிஞ்சு பேசிக்கலாம்” என்ற வரி ஒன்று. மகளுக்கு ஒன்றும் வரவில்லை.

நாற்பது பள்ளிகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கருவிகள் நாற்பது பள்ளிகளுக்கும் போகட்டும். எனக்கு அவற்றோடு பகை இல்லை. தினமும் வகுப்பில் பயன்படுத்துகிறேன். கத்தி காய் நறுக்கும், அதில் சந்தேகமில்லை. அதைப் பெற்ற பிள்ளையின் குரல்வளையில் வைத்தவரைப் பற்றித்தான் என் கடிதம். நீங்கள் ஆபீஸில் சிரித்தீர்கள் என்று எழுதினீர்களே, அந்த ஒரு வரியை மட்டும் பல முறை படித்தேன். உங்கள் மகளைப் பார்த்துச் சிரித்தவர்களோடு சேர்ந்து சிரித்திருக்கிறீர்கள். உங்களுக்காக எந்தச் சொல்லைத் தேர்வது என்று யோசித்து, எல்லாச் சொல்லும் உங்களுக்கு அதிகம் என்று விட்டுவிட்டேன்.

இருபதாம் தேதி சிட்டு மேடையேற மாட்டாள். அதற்கு உங்கள் அனுமதியை நான் கேட்கவில்லை. அவள் அம்மா முடிவு செய்துவிட்டாள். மேடையில் அவள் ஏன் இல்லை என்று உங்கள் மேடத்திடம் நீங்கள் சொல்லிக்கொள்ளலாம். நான் அவருக்கு எழுதவில்லை. எழுதமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வேண்டியது வேறு. அந்தப் பதிவுகள் அவளுடையவை அல்ல என்று நீங்கள் எழுத வேண்டும். “நான் ஒரு தடவை வாசிக்கட்டுமா” என்று அவள் கேட்டதற்கு இப்போதாவது பதில் எழுத வேண்டும்: வந்து, எதிரே உட்கார்ந்து, கடிகாரத்தைப் பாராமல் ஒரு பக்கம் கேட்பீர்களா, மாட்டீர்களா. பேசி டைப் செய்த காகிதம் ஏற்கப்படாது. பேனா. உங்கள் கையெழுத்து. பழக்கம் விட்டுப்போயிருந்தால் கோணலாக இருக்கட்டும். எங்களுக்குக் கோணல் எழுத்துத் திருத்திப் பழக்கமுண்டு.

கடிதத்தை எனக்கு எழுத வேண்டாம். உங்கள் மகளுக்கு எழுதுங்கள். உறையை அவள்தான் பிரிப்பாள். அவள்தான் உரக்க வாசிப்பாள். நானும் என் தங்கையும் எதிரே உட்கார்ந்து கேட்போம். ‘மன்னிப்பு’ என்ற சொல் வந்தால் அதன் முன் அவள் சற்று நிற்பாள். அதற்காக அந்தச் சொல்லைத் தவிர்க்க வேண்டாம். நாங்கள் காத்திருப்போம்.

செப்டம்பர் 18, வியாழக்கிழமை, மாலை நான்கு மணிக்குள் எழுத்துமூலமான பதில் என் வீட்டு முகவரிக்கு வந்து சேர வேண்டும்.

இப்படிக்கு,
சிட்டுவின் மாமா